முன்பு மறுக்கப்பட்டதுண்டா?

"இதுக்கு முன்னாடி விசா கேட்டு இல்லைன்னு சொல்லியிருக்காங்களா?" என்று கேட்டாள் ஏஜென்ட்.

"இல்லை" என்றேன் நான்.

"ஆமா" என்றாள் என் மகள்.

ஏஜென்ட் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள்.

"வெளியே போய் ஒரு முடிவுக்கு வந்துட்டு வாங்களேன். கீழே டீ நல்லாத்தான் இருக்கும்."

நான் எழுந்தேன். மகள் எழவில்லை. எழுவதும் அவளுக்கு இப்போது லேசில்லை. வயிறு மேசையில் இடிக்கிறது.

மாப்பிள்ளை என் தங்கை மகன்தான். கல்யாணம் முடிந்த கையோடு வேலைக்குத் திரும்பிப் போய்விட்டான். பிள்ளை பிறக்கும்போது இவள் அங்கே அவன் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான் பேச்சு. இவள் பெட்டி கட்டி வைத்து எத்தனையோ நாளாகிறது. மாற்றுத்துணியைக்கூட அந்தப் பெட்டியிலிருந்துதான் எடுத்து உடுத்துகிறாள்.

ஒரு சின்னக் கட்டம். அதில் 'இல்லை' என்று தட்டினால் வேலை முடிந்தது. லாரிக்குப் பிரேக் கட்டிப் பிழைத்தவன் நான், எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. ஆனால் அரசாங்கக் காகிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதி உருப்பட்டவன் ஒருவனையும் நான் பார்த்ததில்லை.

"அவங்க கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்கும்பா. ஒரு தட்டு தட்டினா வந்துடும். இனிமே நமக்கு ஒரு பொய்கூட வேண்டாம்."

"உனக்கு எமன் வெளியில இல்லடி. உன் வாய்தான்."

அவள் என்னைச் சட்டை செய்யாமல் ஏஜென்டிடம் சொல்ல ஆரம்பித்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் ஒரு விமானம் மேகத்துக்குமேல் சிரித்த மாதிரி போய்க்கொண்டிருந்தது.

அப்போது இவள் சின்னப் பிள்ளை. இவள் அம்மா செத்துப்போன சமயம். ஆம்பிளை நீ தனியாக என்ன செய்வாய், நான் கொண்டுபோய் வளர்க்கிறேன் என்றாள் வெளிநாட்டில் இருந்த தங்கை. அண்ணன் மகள் என்றால் விசா கிடைக்காது, சொந்த மகள் என்றால் கிடைக்கும் என்று எந்த மேதாவியோ அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். அப்படியே எழுதினார்கள். தங்கை அம்மா. தங்கை புருஷன் அப்பா. அவர்கள் பையன் அண்ணன்.

வீட்டில் ஒத்திகை நடந்தது. அத்தையை அம்மா என்று கூப்பிட்டால் ஒரு மிட்டாய். பல் சொத்தையாகிற அளவுக்கு இவள் நன்றாகவே கூப்பிட்டாள்.

எம்பசியில் யாரோ எவரோ மாதிரி நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி, "உங்க அப்பா யாரும்மா?" என்று கேட்டான். தங்கை புருஷன் பக்கத்திலேயே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். இவள் திரும்பிப் பார்த்தாள். விரலை நீட்டி என்னைக் காட்டினாள்.

இதைக் கேட்டு ஏஜென்ட் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"இருங்க. அதுல அண்ணன்னு எழுதின பையன்..."

"அத்தான்தான்" என்றாள் மகள், தலையைக் குனிந்துகொண்டு.

மகள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அதான் சொன்னேன், இல்லைன்னு போடும்மா" என்றேன்.

"போட்டா அம்புட்டுதான் பெரியவரே. மறைச்சது தெரிஞ்சா ஜென்மத்துக்கும் உள்ளே விடமாட்டான்." ஏஜென்ட் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டாள். "சொன்னாலும் லேசில்லை. பிறப்புச் சர்டிபிகேட்ல உங்க பேரு. அவன்கிட்ட இருக்கிற பழைய காகிதத்துல வேற பேரு. எதைன்னு நம்புவான்?"

"ஆமான்னே போடுங்க" என்றாள் மகள்.

ஏஜென்ட் தட்டினாள். அவ்வளவு சின்னச் சத்தம்.

தட்டிவிட்டு, விரலால் மேசையைச் சுரண்டிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு அவள் முகம் தெளிந்தது.

"ஒரு வழி இருக்கு. நீயும் அப்பாவும் டிஎன்ஏ டெஸ்ட் எடுத்து இதோட வச்சிடுங்க. பெத்த அப்பா இவர்தான்னு ஆயிட்டா, அந்தப் பழைய பேப்பர் பொய், நீங்க இப்போ சொல்றது நிஜம். அப்புறம் அவனால வாயே திறக்க முடியாது."

"அவ்வளவுதானா?" என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. "அப்பா, கேட்டீங்களா? ஆனா இவருக்கு ஊசின்னா பயமாச்சே மேடம்."

"ஊசியே இல்லம்மா. கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சுக்குச்சியை விட்டு ஒரு தடவு. முடிஞ்சுது."

அந்த இடத்திலேயே மகள் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அவன் கத்தினான்:

"மாமா, நீங்க வாயைத் திறந்தா போதும், விசா!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஏஜென்டும் சிரித்தாள். நாளைக்கே போய்விடலாம்பா, காலையில் சாப்பிடாமல் வரச் சொல்வார்களோ என்னவோ என்று மகள் என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

நான் தலையை ஆட்டினேன்.

சர்டிபிகேட்டில் என் பேரை ஏற்றிய விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். இவள் அம்மா முதலில் போனாள். தங்கை போன வருடம் போனாள்.

இவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு நான் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, இவள் அவள் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாள்.