ஒத்திகை

“கூலி கொடுக்காம ஒருத்தியை வீட்டுல பூட்டி வச்சு வேலை வாங்குறோம்னு எவனோ புகார் கொடுத்திருக்கான். விசாரிக்க அதிகாரி வர்றாராம். அரசியல் சட்டமே கூடாதுன்னு சொல்ற விஷயம். என் கறுப்புக் கோட்டுக்கே வேட்டு வச்சுடும்!” என்று பதறினார் வக்கீல்.

அவர் மனைவி, கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தவளின் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கினாள். அவளுக்குத் தன் புடவை ஒன்றைக் கட்டிவிட்டு, சோபாவில் உட்கார வைத்தாள். அவள் நுனியில் ஒட்டிக்கொண்டாள்.

“நல்லா சாய்ஞ்சு உட்காரு. யாருன்னு கேட்டா என்ன சொல்லுவே?”

“சாரோட தங்கச்சி.”

“கெட்டுது போ! சார் இல்லே, அண்ணா.”

“அண்ணா.”

அதிகாரி வந்தார், கேட்டார். அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். “தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க” என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

வக்கீலுக்குப் போன உயிர் திரும்பியது. “பலே! பிரமாதமா நடிச்சுட்டே.”

அவள் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தட்டிச் சரிசெய்தாள்.

“நடிக்கலையே சார். நம்ம அம்மா இருந்தவரைக்கும் அண்ணான்னுதானே கூப்பிட்டேன்? கேஸுக்குக் கட்சிக்காரங்க வந்து போற வீடு, இனிமே சார்னு கூப்பிடுன்னு நீங்கதானே சொன்னீங்க?”



அவள் அண்ணியிடம் திரும்பினாள்.

“துடைப்பத்தை எங்க வச்சீங்க, மேடம்?”