பார்க்க மட்டும்

அடுகோடிப் பள்ளியில் மதிய உணவு நேரம். புங்கமரத்தடியில் வெயில் சிதறிக் கிடக்கிறது. வராந்தாத் தூணோரம் ஆய்வாளர் மகாவும், அவளிடம் ஆய்வு பழகும், பிளஸ் டூ போன்ற பியூசி படிக்கும் மாணவி ரக்ஷிதாவும் நிற்கிறார்கள். எந்த மொழிப் பிள்ளை யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது என்று பார்த்துத் தாளில் வட்டம் போடுவதுதான் வேலை. கன்னடப் பெண்களின் கூட்டத்தில் சிரிப்பு பொங்குகிறது. கன்னடம் இன்னும் வாயில் வராத, புதிதாகச் சேர்ந்த தமிழ்ச் சிறுமி ஒருத்தி மட்டும் தள்ளிப் போய்க் கல்மேடையில் தனியாக உட்காருகிறாள். டிபன் டப்பாவைத் திறக்காமல் அதன் மூடியை விரலால் தடவிக்கொண்டே இருக்கிறாள்.

“மிஸ், நான் போய் அவ பக்கத்துல உக்காந்துக்கட்டா? பாவம் மிஸ்.”

“நீ உக்காந்தா அவ தனியா இல்லன்னு ஆயிடும். அப்புறம் என்னத்தடி எழுதுவ? பாக்க மட்டுந்தான் வந்திருக்கோம்.”

“இன்னிக்கு ஒரு நாள் மிஸ். ஒரு வாய் சாப்பிட்டுட்டு ஓடி வந்துடறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்குங்க.”

மகா சிரிக்கப் பார்க்கிறாள், வரவில்லை. பார்க்க மட்டும் என்ற விதி அவள் வகுத்ததுதான். ஆனாலும் அந்தக் கல்மேடை வரை நடந்துவிடக் கால்கள் தவிக்கின்றன. பேச்சுச் சத்தம் கேட்டுச் சிறுமி நிமிர்கிறாள். இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். பிறகு டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, மேடையின் ஓரத்துக்கு நகர்ந்து, கிடந்த சருகுகளைக் கையால் தள்ளி, இரண்டு பேர் உட்கார இடம் விடுகிறாள்.