ஓரகத்தி ஓடிப்போனாள்

ராணியம்மாளுக்கு அதை முதலில் சொன்னது எதிர்வீட்டு சாலம்மாள்தான். இட ஒதுக்கீடு கேட்டு மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டு, பஸ்ஸெல்லாம் நின்றுபோன மூன்றாம் நாள் காலையில்.

“உன் ஓரகத்தி ஓடிட்டா ராணி.”

“யாரு, கொளஞ்சியா? எங்க ஓடுவா? பஸ்ஸே இல்லியே.”

“மஞ்சப்பையும் கையுமா கரும்புக் கொல்ல வரப்பு மேல நடந்துக்கினு போறா. மணலூர்பேட்டதான அவ அம்மா வூடு? உன் கழுத்துக் கட்டி ஒட்டிக்கும்னு பயந்துட்டா.”

“அதெல்லாம் இருக்காது.”

“இன்னா இருக்காது? கட்டில ஊசி குத்தி எடுத்து பாண்டிச்சேரிக்கு அனுப்பிருக்காங்கன்னா புத்துநோய்தான். ஊரே பேசிக்கினு இருக்குது.”

இத்தனையும் சாலம்மாள் தெருவில் நின்றபடியே சொன்னாள். ராணியம்மாள் ஒரு சொம்பு மோரை நீட்டினாள்.

“வயிறு சரியில்ல” என்று சாலம்மாள் ஓர் அடி பின்னால் போனாள்.

ராணியம்மாளுக்கு நெஞ்சு படபடத்தது. அது ஆறு மாசமாகவே அப்படித்தான். நாலு வேளை சாப்பிட்டாலும் உடம்பு நூலாகிக்கொண்டே போனது. விளக்கு ஏற்றப் போனால் தீக்குச்சி கையில் ஆடும். கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்றார் கள்ளக்குறிச்சி டாக்டர். அதில் கட்டி ஒன்றும் இருக்கிறது, எதற்கும் பார்த்துவிடலாம் என்று ஊசியால் கொஞ்சம் எடுத்து அனுப்பினார். முடிவுக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை வந்துவிட்டது. பஸ்தான் வரவில்லை. அவள் புருஷன், கொளஞ்சியின் புருஷன், அண்ணன் தம்பி இருவரையும் மறியலில் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. இப்போது கொளஞ்சியும் இல்லை.

உப்பு கூடினால் ஒரு சண்டை, குறைந்தால் ஒரு சண்டை என்று இருந்தவள், ஊசி போட்ட நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. அப்போதே மனசில் இதுதான் இருந்திருக்குமோ?

“ஆத்தா, அவளத் தப்பா நெனைக்க வுடாத” என்று மாரியம்மன் படத்தின் முன்னால் கண்ணை மூடினாள். மூடின கண்ணுக்குள்ளும் அந்த மஞ்சப்பைதான் போய்க்கொண்டிருந்தது. பதினெட்டு வருஷம் ஒரே உலையில் சோறு. சொல்லிவிட்டாவது போகக் கூடாதா? சாப்பாட்டு வேளையில் பழக்கத்தில் இரண்டு தட்டு வைத்தாள். பிறகு ஒன்றை எடுத்துக் கவிழ்த்தாள்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் கொளஞ்சியம்மாள் வந்து நின்றாள். அதற்குள் சாலம்மாளும் தெருவுக்கு வந்துவிட்டாள்.

“வாடியம்மா! அம்மா வூட்டு விருந்து எப்டி? பயம் தெளிஞ்சிதா?”

கொளஞ்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மஞ்சப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து ராணியம்மாளிடம் நீட்டினாள்.

“புத்தும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. டாக்டர் கையெழுத்து. பாத்துக்க.”

ராணியம்மாள் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சுரப்பி ஜாஸ்தியா வேல செஞ்சா புத்துன்னு அர்த்தம் இல்லியாம். ரெண்டும் ஒருத்தருக்கே இருக்கிறது ரொம்ப கம்மியாம். ஆனா கட்டின்னு ஒண்ணு இருந்தா பாக்காம வுடக் கூடாதாம். அதுக்குத்தான் அந்த ஊசியாம். மாத்திர குடுத்துருக்காரு. படபடப்பு, கை நடுக்கம் எல்லாம் அடங்கிடும்.”

“ஒட்டிக்காதா?” என்றாள் சாலம்மாள்.

“உன் வாயிதான் ஒட்டிக்கும். அதுவும் ஜாஸ்தியாத்தான் வேல செய்யுது. அதுக்கு மாத்திர இருக்குதான்னு கேட்டேன், இல்லன்னுட்டாரு.”

ராணியம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சாலம்மாள் மெல்ல உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

“நான் அன்னிக்கே சொன்னேன், ஒண்ணும் இருக்காதுன்னு.”

ராணியம்மாள் கொளஞ்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏண்டி, என்னாண்ட சொல்லினு போவக் கூடாதா?”

“சொன்னா நீயும் கூடவே கெளம்பிருப்ப.”

“பஸ்ஸே ஓடலியே. கள்ளக்குறிச்சிக்கு எப்டிடி போன?”

கொளஞ்சி சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள்.

“அதெல்லாம் அப்பால சொல்றேன். மொதல்ல கொஞ்சம் சுடுதண்ணி வையிக்கா. ரெண்டு காலும் கொப்புளமாக் கெடக்குது.”