எண்பது வந்தால் திறக்கும்

களைத்த கை இனி எந்த உயிரையும் தொடாது என்று மனிதகுலம் உறுதி பூண்டது. அந்த மாபெரும் உறுதியைக் காக்கும் பொறுப்பு ஆபரேஷன் தியேட்டரின் கதவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அது டாக்டரின் முகத்தைப் பார்க்கும். மனமகிழ்ச்சி எண்பதைத் தொட்டால் திறக்கும்.

டாக்டர் தணிகாசலத்துக்கு முப்பத்திரண்டு வந்தது. மற்ற இரண்டு சர்ஜன்களையும் மகிழ்ச்சிப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டதால் அவர் தூங்கி இரண்டு நாளாகியிருந்தது. உள்ளே ஒரு லாரி டிரைவர் வயிறு நசுங்கி, ரத்தம் நிற்காமல் கிடந்தார்.

“சிரிங்க சார்,” என்றார் ஃபிலோமினா சிஸ்டர்.

சிரித்தார். முப்பத்தொன்று.

“பல்லு தெரிஞ்சா போதாது சார், நெஞ்சுலேர்ந்து வரணும். பொண்ணு கல்யாணத்த நினைங்க.”

நினைத்தார். கல்யாணத்தன்றும் அவர் டியூட்டியில்தான் இருந்தார். இருபத்தாறு.

டிரைவரின் மனைவி பெஞ்சிலிருந்து ஓடிவந்து கும்பிட்டாள். “சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கொஞ்சம் சந்தோஷமா இருங்க!”

பத்தொன்பது.

பிரஷர் இறங்குகிறது என்று உள்ளேயிருந்த மயக்க டாக்டர் கண்ணாடி வழியாகக் கைகாட்டினார். தணிகாசலம் கதவில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றார். அப்போது, கூப்பிடாமலே ஒரு நினைப்பு வந்தது: இந்த ஆள் போய்விட்டால், நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம்.

கதவு திறந்தது.

“அப்பாடா! கல்யாணத்தைத்தானே சார் நினைச்சீங்க?”

“ஆமாம்,” என்றபடி டாக்டர் உள்ளே போனார்.

கதவின் மேல் தொண்ணூற்றாறு என்று எரிந்தது. அந்த மருத்துவமனையில் அதுவரை யாரும் அவ்வளவு எடுத்ததில்லை.