மூன்றாவது விடை

புது போனில் கம்பெனி நெட்வொர்க் திறக்கவில்லை என்று விமான நிலையத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். பழைய போன் டாக்சியோடு போய்விட்டதாம்.

டெண்டருக்கான கோப்பு நெட்வொர்க்குக்குள் இருக்கிறது. விமானம் ஏறுவதற்குள் அனுப்பாவிட்டால் தன் வேலைக்கே உலை என்றார்.

உதவி மையத்துப் பெண்ணுக்கு இரண்டு நாளாகத் தொண்டை கட்டியிருந்தது. பேசுகிறவர் அவர்தானா என்று உறுதிசெய்ய, கரகரத்த குரலில் பாதுகாப்புக் கேள்வியைப் படித்தாள். சின்ன வயதில் உங்களுக்கு மிக நெருக்கமானவர் யார்?

வேலையில் சேர்ந்த புதிதில் அவரே எழுதிக்கொடுத்த விடை அவள் திரையில் வந்து நின்றது. அதைப் பார்த்ததும் ஹெட்செட்டை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள்.

பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவன் பெயரைச் சொன்னார். தவறு.

மாமா பையன் பெயரைச் சொன்னார். அதுவும் தவறு.

மூன்றாவதும் தப்பானால் கணக்கு பூட்டிக்கொள்ளும். திங்கட்கிழமைவரை யார் தலைகீழாக நின்றாலும் திறக்காது.

துளியும் ஜாடை காட்டக் கூடாது என்பது விதி. உதவி மையத்தில் உதவியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் விதி உண்டு. சொல்லுங்கள், சொல்லித் தொலையுங்கள் என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

மறுமுனையில் ஏதோ ஒரு விமானத்துக்கான அறிவிப்பு ஓடி முடிந்தது. அவர் தயங்கித் தயங்கி, “சில்வண்டு” என்றார்.

நெட்வொர்க் திறந்தது. அவர் பெருமூச்சு விட்டது இங்கே வரை கேட்டது.

வாயால் சொல்லிவிட்ட விடையை அழித்துவிட்டு, புதிதாக ஒன்று வாங்க வேண்டும். அதுவும் விதிதான். கேட்டாள்.

“அதையே வச்சுக்க முடியாதா மேடம்? அது என் தங்கச்சி. அவ கல்யாணத்துக்கு நான் போகல. அதோட பேச்சு விட்டுப்போச்சு. அங்கயாவது இருக்கட்டுமே.”

அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரை வந்ததை, வழக்கம்போல, பாழாய்ப்போன வீராப்பு வந்து நிறுத்தியது. இதை நினைத்து எத்தனை நாள் அழப்போகிறோம் என்று அவளுக்கே தெரிந்தது.

“முடியாது சார். ரூல்ஸ் அப்படி” என்று சொல்லி, அந்தப் பெயரை அழித்தாள் சில்வண்டு.