பன்னிரண்டாவது வேனின் வால்வு

என்ஜின் விடும் புகையில் ஒரு பங்கை மறுபடியும் என்ஜினுக்கே அனுப்பி மாசைக் குறைப்பது ஈஜிஆர் வால்வு. அதில் கரி எப்படிப் படிகிறது என்பதுதான் பேராசிரியை ஜெயசித்ராவின் ஆராய்ச்சி. சங்கரன்கோவிலில் ஓடும் பன்னிரண்டு கல்லூரி வேன்களின் வால்வுகளையும் கழற்றிப் பார்த்தாள். பதினொன்றில் விரல்கனத்துக்குக் கரி. சுடலைமணி ஓட்டும் வேனில் மட்டும் வால்வு கழுவிக் கவிழ்த்த தம்ளர்போல மின்னியது.

“அண்ணாச்சி, எப்படி ஓட்டுதீங்க?”

“பதறாம ஓட்டுதேன், மேடம்.”

அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் நாற்பது பக்கம் எழுதினாள். கட்டுரைக்குச் சென்னையில் பரிசு கிடைத்தது. மற்ற ஓட்டுநர்கள் எல்லாரும் சுடலைமணியிடம் பதறாமல் ஓட்டப் பழக வேண்டும் என்று கல்லூரி உத்தரவு போட்டது. சுற்றுச்சூழல் தினத்தன்று சுடலைமணிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்; ஜெயசித்ராவுக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

மேடையைவிட்டு இறங்கியதும் மனிதர் தயங்கித் தயங்கி ஜெயசித்ராவிடம் வந்தார்.

“மேடம், மனசு உறுத்துது. வண்டி இழுக்கலைன்னு, மெக்கானிக் அந்த வால்வைக் கழுவிட்டு, அதுக்குப் புகையே போகாதபடி குழாயில ஒரு தகரத்தை வச்சு அடைச்சிட்டான். ரெண்டு வருசமாச்சு. எடுத்துரட்டுமா?”

ஜெயசித்ரா கையிலிருந்த கேடயத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

“எடுத்துராதீங்க அண்ணாச்சி. திங்கக்கிழமை நம்ம வண்டிகளைப் பாக்க டெல்லியில இருந்து கமிட்டி வருது. மத்த பதினொரு வண்டிக்கும் வால்வைக் கழுவி, அதே மாதிரி தகரம் வைக்கச் சொல்லுங்க.”