பிட்ஸ்ட்ரீமில் ஒரு மிருதங்கம்

“இந்தப் பெட்டியில பாட்டு போட்டா வண்டூர் கடற்கரை மீனெல்லாம் கரையேறித் தாளம் போடும்,” என்றார் திருநாவுக்கரசு.

டெய்ரி ஃபார்ம் என்ற தீவுப் பேட்டையில் இருந்த வீட்டின் பலகைத் தரையில் உட்கார்ந்து ஹோம் தியேட்டரை மாட்டிக்கொண்டிருந்த மச்சினன் சுதாகர் சிரித்தான்.

“மீன் கிடக்கட்டும் மாமா. சுனாமிக்கு அப்புறம் அக்காவே தாளம் போட்டதில்ல.”

“இன்னிக்குப் போடுவா.”

“நடக்காது மாமா. சரி, டிஜிட்டல் அவுட்புட்ட பிசிஎம்ல வைக்கிறேன். உங்களுக்குக் குரல் தெளிவா கேட்கும்.”

“அரே, குரல் யாருக்குய்யா வேணும்? பிட்ஸ்ட்ரீம்ல வை. அடி ஓசை வர்ற ஊஃபர் பெட்டிக்குத் தனியா இடி இறங்கணும்.”

வைத்தான். மிருதங்கம் ஆரம்பித்ததும் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. பக்கத்து வீட்டு வங்காளிக் குடும்பம், நாய் உட்பட, “பூகம்ப், பூகம்ப்” என்று தெருவுக்கு ஓடியது.

சுதாகரின் அக்கா ஜெயலட்சுமி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. மடித்திருந்த காலை இறக்கி, வெறும் பாதத்தைப் பலகையில் அழுத்தி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வலது கை தொடையில் விழுந்தது. பிறகு சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல்.

சுனாமி அன்று அலைக்குள் சிக்கி இரண்டு காதும் செவிடாகிப்போனவள், அட்சரம் பிசகாமல் ஆதி தாளம் போட்டுக்கொண்டிருந்தாள்.

சுதாகர் ரிமோட்டைக் கீழே வைத்தான்.

“போடுறாங்க மாமா,” என்றான்.